பிஷ்கேக்கில் எம்பிபிஎஸ்: ஹாஸ்டல் பணத்தை ஏஜென்டிடம் கட்டாதீர்கள்

போன செப்டம்பரில் என் தங்கை டாக்டருக்குப் படிக்கக் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்குக்குப் போனாள். தேசிய மருத்துவ ஆணையத்தின் (என்எம்சி) 2021 விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினோம். படிப்பு 54 மாதம், ஆங்கிலவழி, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி என எல்லாம் பொருந்தியது. ஏஜென்ட் ஆபீஸில் 'என்எம்சி அங்கீகாரம்' என்று பேனர் தொங்கியது. ஆணையம் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அப்படி எதுவும் தருவதில்லை. தெரிந்தும், எல்லோரும் போடுவதுதானே என்று விட்டுவிட்டேன்.

மாட்டியது ஹாஸ்டலில். "கேம்பஸுக்குள்ளேயே ரூம், நம்ம ஊர் மாஸ்டர் சமையல். வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம், மொத்தமா கட்டிடுங்க தம்பி" என்றார் ஏஜென்ட். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன்.

மானாஸ் விமான நிலையத்திலிருந்து வேனில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரு பழைய அடுக்குமாடிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு அறை, எட்டுப் பெண்கள், ஒரே குளியலறை. கல்லூரிக்கு மினிபஸ்ஸில் முக்கால் மணி நேரம். மாஸ்டர் இரண்டே வாரத்தில் கிளம்பிவிட்டார். அப்புறம் மூன்று வேளையும் உருளைக்கிழங்குதான். டிசம்பரில் வீடியோ காலில் ஜன்னலைக் காட்டினாள். கண்ணாடியின் உள்பக்கம் பனி உறைந்திருந்தது, இடுக்கில் துண்டைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள்.

சீனியர் ஒருத்தி கல்லூரி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். அவர்களுடைய சொந்த ஹாஸ்டலில் இடம் இருந்தது. கட்டணம் நாங்கள் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ரசீதைப் பாருங்க சார்" என்றார். 'தம்பி' என்று கூப்பிட்டது அன்றோடு போயிற்று. ரசீதில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று மட்டும் இருந்தது. ஹாஸ்டல், மெஸ் என்ற சொல்லே இல்லை.

விசா நீட்டிப்புக்கென்று தங்கையிடம் வாங்கிய பாஸ்போர்ட்டையும் ஏஜென்ட் மூன்று மாதமாகத் தரவில்லை. 2024 மே மாதம் அதே ஊரில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளுக்குள் கும்பல் புகுந்து அடித்தது. அப்படி ஒரு ராத்திரி மறுபடி வந்தால், பாஸ்போர்ட் இல்லாமல் பிள்ளை எங்கே போகும்? இந்தியத் தூதரகத்துக்கு மெயில் போட்டு, அதை அப்படியே ஏஜென்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். மறுநாளே பாஸ்போர்ட் வந்தது.

போகப்போகிறவர்கள் ஹாஸ்டல் கட்டணத்தைக் கல்லூரிக்கே மெயில் அனுப்பிக் கேளுங்கள், அவர்கள் கணக்குக்கே கட்டுங்கள். ஏஜென்டிடம் ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? எதற்கான பணம் என்று ரசீதில் எழுதியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

தங்கை இப்போது கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள். பணம் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. பேனரைப் போட்டோ எடுத்து அதனுடன் இணைத்திருக்கிறேன்.