காதுகுத்து வீடியோவை எதில் வெட்டுவது: போனா, கம்ப்யூட்டரா, மிக்சிங் கடையா?

விசேஷம் முடிந்த வீட்டில் மிஞ்சுவது இரண்டு: சாம்பாரும் வீடியோவும். சாம்பாரை மறுநாள் காலைக்குள் எப்படியாவது தீர்த்துவிடுவார்கள். வீடியோ மட்டும் சித்தி போனில் கொஞ்சம், மாமா போனில் கொஞ்சம், பெங்களூரிலிருந்து வந்த தம்பியின் ஐபோனில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். ‘ஒரு நாள் உட்கார்ந்து எடிட் பண்ணணும்’ என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எதில் பண்ணுவது என்ற கேள்வியில் அது நின்றுபோகும்.

ஒரு காதுகுத்தை எடுத்துக்கொள்வோம். குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து, அப்புறம் கிடா விருந்து. நான்கைந்து போன்களில் இரண்டு மணி நேரக் காட்சி. இதை அரை மணி நேரப் படமாக்க மூன்று வழி இருக்கிறது. போனிலேயே ஆப் வைத்து வெட்டலாம், கம்ப்யூட்டரில் இலவச மென்பொருள் போட்டு வெட்டலாம், ஊரில் கல்யாண வீடியோ வெட்டித் தரும் மிக்சிங் கடையில் கொடுத்துவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வீடியோவைக் கெடுப்பவை நீளமும் சத்தமும். டிரான்சிஷன், ஃபில்டர், ஸ்லோமோஷன் ஒன்றுகூட இல்லாமல் அருமையான வீட்டுப் படம் செய்யலாம். இரண்டு நிமிடம் மட்டும் வைக்க வேண்டிய பந்தியை இருபது நிமிடம் ஓடவிட்டால் எந்த எஃபெக்ட்டும் காப்பாற்றாது. எனவே எது சுலபமாக வெட்ட விடுகிறது, எது சத்தத்தைக் கையாள விடுகிறது என்று மட்டும்தான் பார்க்கிறேன்.

போன் ஆப்கள்

இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தேர்வு கொஞ்சம் சுருங்கிவிட்டது. 2020 ஜூனில் அரசு தடை செய்த 59 ஆப்களில் விவாவீடியோவும் ஒன்று. வெளிநாட்டு யூடியூபர்கள் சதா சொல்லும் கேப்கட்டும் இங்கே கிடையாது. மிஞ்சியவற்றில் விஎன், இன்ஷாட், கைன்மாஸ்டர் மூன்றும் பிரபலம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஐமூவி இலவசம்.

கைன்மாஸ்டரில் அடுக்கடுக்காகப் படமும் எழுத்தும் போடும் வசதி நிறைய. ஆனால் சந்தா கட்டாவிட்டால் மூலையில் அவர்கள் முத்திரை விழும். தாத்தா ஆசீர்வாதம் செய்யும் காட்சியில் கம்பெனி பெயர் எதற்கு? இன்ஷாட் ஸ்டேட்டஸ் அளவு வேலைக்குச் சரி. இந்த மூன்றில் நான் கைகாட்டுவது விஎன்தான். முத்திரை இல்லை, துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையான டைம்லைனும் தெளிவாக இருக்கும். ஐமூவி இன்னும் எளிது, ஆனால் செங்குத்தாக எடுத்த காட்சிகளோடு அதற்கு ஒத்துப்போகாது.

மூன்று, நான்கு நிமிடப் படம் என்றால் போனை மிஞ்ச ஆளில்லை. விருந்து முடிந்து வேனில் ஊர் திரும்புவதற்குள் ஒன்று தயாராகிவிடும். அரை மணி நேரப் படம் என்று வரும்போதுதான் சிக்கல். ஆறு அங்குலத் திரையில் விரலால் நகர்த்தி, நாற்பதாவது துண்டுக்கும் நாற்பத்தோராவது துண்டுக்கும் நடுவே சரியான இடத்தைப் பிடிப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை. இடமும் போதாது. ஐபோனில் மிகத் தெளிவான 4கே தரத்தில், விநாடிக்கு 30 ஃபிரேம் (அசையாத படங்கள்) என்று எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி பிடிக்கும். அதையே ஒரு படி கீழான 1080பி தரம் என்று வைத்தால் 60 எம்பிதான். இரண்டு மணி நேரக் காட்சிக்கு முதல் கணக்கில் 20 ஜிபி வந்துவிடும். முடிந்த படத்துக்கும் அதே போனில்தான் இடம் வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலை நடுவில் இருக்கும்போது ‘மெமரி ஃபுல்’ என்று கேலரியில் ஒரிஜினலை அழித்தால், ஆப்பில் அந்த இடம் பெரும்பாலும் கருப்பாகிவிடும்.

கம்ப்யூட்டர்

பழைய விண்டோஸ் மூவி மேக்கரைப் பலர் இன்னும் தேடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதன் இடத்தில் இப்போது இருப்பது கிளிப்சாம்ப். 2021இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய இது விண்டோஸ் 11இலேயே வந்துவிடுகிறது. 1080பி வரை இலவசம், முத்திரை கிடையாது. கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் நீளமான வேலையில் மந்தமாகிவிடுகிறது. பத்து நிமிடம் வரை என்றால் தாராளமாகப் போகலாம்.

அதற்கு மேல் உண்மையான போட்டி மூன்றுக்குள்: ஷாட்கட், கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ்.

ரிசால்வின் பெயர் பெரிது. சினிமாவில் வண்ணத்தைச் சீராக்கப் பயன்படும் அதே மென்பொருள். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் அதன் இலவசப் பதிப்பையே வீட்டுக்குத் தேவையானதைவிட அதிகமாக வைத்திருக்கிறது. 4கே அளவு வரை முத்திரை இல்லாமல் வெளியே எடுக்கலாம். உச்சி வெயிலில் எடுத்த கோயில் காட்சியில் முகங்கள் கருத்துப்போயிருந்தால் அதை மீட்பதில் மற்ற இரண்டும் இதன் அருகில்கூட வராது. ஆனால் இதற்கு 16 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். வீட்டில் இருப்பது பெரும்பாலும் 8 ஜிபி லேப்டாப். அதில் ரிசால்வைத் திறந்தால் ஃபேன் சத்தம் மேளத்தை மிஞ்சும். லினக்ஸ் வைத்திருந்தால் இன்னொரு தொல்லை: இலவசப் பதிப்பு போன் வீடியோக்களின் வழக்கமான எச்.264 வடிவத்தை அங்கே திறக்காது.

ஷாட்கட்டும் கேடென்லைவும் கட்டற்ற மென்பொருள்கள். இரண்டின் அடியிலும் ஓடுவது எம்எல்டி என்ற ஒரே எஞ்சின்தான். பழைய லேப்டாப்பிலும் ப்ராக்ஸி வைத்து ஓட்டலாம். அதாவது, ஒவ்வொரு வீடியோவுக்கும் சிறிய நகல் ஒன்றை உண்டாக்கிக்கொண்டு அதில் வெட்டுவது, கடைசியில் முடிந்த படத்தை வெளியே எடுக்கும்போது மென்பொருளே ஒரிஜினலுக்கு மாறிக்கொள்ளும்.

போன் வீடியோவுக்கு இவை ஏன் பொருத்தம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. போன் எப்போதும் விநாடிக்குச் சரியாக 30 ஃபிரேம் எடுப்பதில்லை. இருட்டினால் குறைக்கும், சூடேறினால் தடுமாறும். இப்படி மாறும் வேகத்தில் எடுத்த வீடியோவை அப்படியே டைம்லைனில் போட்டால் போகப் போக உதடும் பேச்சும் விலகும். ‘படம் நல்லாருக்கு, சத்தம் தள்ளிப் போகுது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் மூலம். ஷாட்கட் அப்படிப்பட்ட கோப்பைக் கண்டதும் ‘எடிட்டுக்கு ஏற்றதாக மாற்றவா?’ என்று தானே கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள். டிஸ்க்கில் இடம் அதிகம் பிடிக்கும், ஆனால் தலைவலி போகும்.

அடுத்தது பல போன்களைச் சேர்ப்பது. காதுகுத்தில் இதுதான் சுவையான பகுதி. மாமன் மடியில் குழந்தை. ஆசாரி ஊசியை எடுக்கிறார். ஒரு போன் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறது, இன்னொன்று அம்மாவைப் பார்க்கிறது. ஊசி இறங்கும் நொடியில் அம்மா கண்ணை இறுக மூடிக்கொள்வதைக் காட்டி, அழுகை கேட்டதும் குழந்தையிடம் வந்தால் அந்த ஒரு வெட்டிலேயே எல்லாம் இருக்கிறது. அதற்கு இரண்டு வீடியோவும் நொடி பிசகாமல் பொருந்த வேண்டும். ஷாட்கட், கேடென்லைவ், ரிசால்வ் மூன்றுமே சத்தத்தை ஒப்பிட்டுத் தாமாகப் பொருத்திவிடும். பொருந்தாவிட்டால் கையால் செய்யலாம். மேளத்தில் ஓங்கி விழுந்த ஒரு அடி இரண்டு ஆடியோ அலையிலும் கூர்முனையாகத் தெரியும், அதை நேருக்கு நேர் வைத்தால் முடிந்தது. போன் ஆப்களில் இதைச் செய்வது பெரும்பாடு.

அழுகை ஆரம்பித்ததும் வெட்டிவிடாதீர்கள். மாமன் கையில் ஒரு மிட்டாயைத் திணிக்க, அழுகை விக்கலாக இறங்கும் வரை விடுங்கள். இந்த இடத்தில் சினிமாப் பாட்டைப் போட்டு எல்லாவற்றையும் மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். பத்து வருஷம் கழித்து அந்தப் பாட்டு எங்கும் கிடைக்கும், பின்னாலிருந்து ‘பாப்பா, இங்க பாரு’ என்று கத்திய அப்பத்தாவின் குரல் கிடைக்காது. பாட்டு வேண்டும் என்றால் பயணத்துக்கும் பந்திக்கும் போடுங்கள், பேச்சு வருமிடத்தில் அடக்குங்கள். யூடியூபில் ஏற்றினால், யாருக்கும் காட்டாத லிங்க்காக வைத்திருந்தாலும், காப்புரிமைப் பாட்டை அதன் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும்.

தமிழில் தலைப்பு போடும்போது ‘கொ’, ‘கௌ’ உடைகிறதா என்று முதலில் சோதியுங்கள். உடைந்தால், எழுத்தை வேறு எதிலாவது பின்னணி இல்லாத படமாகச் செய்து டைம்லைனில் வைத்துவிடலாம்.

ஷாட்கட்டா, கேடென்லைவா என்று கேட்டால், புதிதாக வருகிறவருக்கு ஷாட்கட். தலைப்பு வேலை, படத்தையும் சத்தத்தையும் அடுக்கும் நிறைய டிராக் என்று போகிறவருக்குக் கேடென்லைவ்.

வெட்டினால் மட்டும் போதும் என்பவர்களுக்கு லாஸ்லெஸ்கட் இருக்கிறது. வீடியோவை மறுபடி பிழியாமல் அப்படியே நறுக்கும். ஒரு மணி நேரக் கோப்பிலிருந்து பத்து நிமிடத்தை எடுக்கச் சில நொடிகள்தான், தரமும் துளி குறையாது. ஒரே குறை, கீஃபிரேம் (இடையிடையே முழுதாகப் பதிவாகும் படம்) இருக்கும் இடத்தில்தான் வெட்டு விழும். எனவே நீங்கள் காட்டிய இடத்துக்கு ஓரிரு விநாடி முன்பிருந்தே ஆரம்பிக்கலாம். வீட்டு வீடியோவுக்கு அது ஒரு குறையா?

மிக்சிங் கடை

எடியஸ் மென்பொருளில் வருஷக்கணக்காகக் கல்யாண வீடியோ வெட்டி வரும் கைகள் அவை. வேகத்தில் நாம் கிட்டே நெருங்க முடியாது. தொல்லை என்னவென்றால், கல்யாணத்துக்கு வைத்திருக்கும் அதே பூ பறக்கும் ஃபிரேம் காதுகுத்துக்கும் வந்துவிடும். குழந்தையின் முகம் தாமரைக்குள்ளிருந்து சுழன்று வரும். சிலருக்கு அது பிடிக்கும், அதில் தப்பில்லை. பிடிக்காதவர்கள் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும்: ஒரிஜினல் சத்தம் இருக்கட்டும், எஃபெக்ட் வேண்டாம், இத்தனை நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். வெட்டாத ஒரிஜினலை ஹார்ட் டிஸ்க்கில் வாங்காமல் கணக்கை முடிக்காதீர்கள்.

பழைய கல்யாண கேசட் என்றால் மட்டும் நேராகக் கடைக்குப் போகச் சொல்வேன். நன்றாக ஓடும் விசிஆர் வீட்டில் இருப்பது அபூர்வம். பூஞ்சை பிடித்த டேப்பை அப்படியே ஓட்டினால் டேப்பும் போகும், ஹெட்டும் போகும். டிஜிட்டலாக மாற்றி வாங்கியபின் வெட்டுவதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இந்தியக் கேசட்டுகள் பால் (PAL) என்ற டிவி முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம். எனவே புராஜெக்ட்டையும் 25இலேயே வையுங்கள், 30 வேண்டாம். கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் அவற்றை நீக்கும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போட வேண்டும், ஷாட்கட்டிலேயே அது இருக்கிறது.

சரி, எதில் வெட்டினாலும் மூலப்பொருள் நன்றாக இருக்க வேண்டும். சொந்தக்காரர்களிடம் வீடியோ கேட்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது பிழிந்துவிடும். ‘டாக்குமெண்ட்டா அனுப்பு மாமா’ என்று சொன்னால் போதும், 2 ஜிபி வரை அப்படியே வந்து சேரும். செங்குத்தாக எடுத்ததற்கு இரண்டு பக்கமும் மங்கலான பின்னணி நிரப்புவது இப்போது பழக்கமாகிவிட்டது. என் கண்ணுக்கு அதைவிடக் கருப்பே மேல், அல்லது ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு செங்குத்துக் காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

முடித்த படத்தை எச்.264 எம்பி4 கோப்பாக எடுங்கள், அநேகமாக எல்லா டிவியிலும் ஓடும். ஊரில் அதைப் பென் டிரைவில் செருகித்தான் பார்ப்பார்கள். ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. விநாடிக்கு 10 மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்று வைத்து எடுத்தால் ஒரு மணி நேரப் படம் 4.5 ஜிபி வரும், 8 என்று வைத்தால் 3.6 ஜிபி. பென் டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைக்கு மாற்றலாம்தான், ஆனால் பழைய டிவிகள் சில அதைப் படிக்காது. அதனால் 8 வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரப் படம் என்றால் இந்தக் கவலையே இல்லை.