நியூசிலாந்து: தொகுதி முறையா, கலப்பு விகிதாசாரமா?

பழைய தொகுதி முறையில் வாக்காளருக்கு ஒரே வாக்கு; தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் எம்.பி. எண்ணுவது எளிது, அன்றிரவே ஆட்சி யாருக்கு என்று தெரிந்துவிடும். ஆனால் 1981இல் தொழிற்கட்சி 39.0%, தேசியக் கட்சி 38.8% வாங்கியும் ஆட்சியில் அமர்ந்தது தேசியக் கட்சிதான். சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 20 சதவீதத்துக்கு மேல் வாக்கு. கிடைத்த இடமோ இரண்டு. வாக்குகள் நாடெங்கும் சிதறிக் கிடந்ததே காரணம்.

1993 பொது வாக்கெடுப்பில் சுமார் 54% பேர் ஆதரிக்க, 1996இல் கலப்பு விகிதாசாரம் வந்தது. இதில் இரண்டு வாக்கு: ஒன்று தொகுதிக்கு, இன்னொன்று கட்சிக்கு. கட்சி வாக்குகளை 1, 3, 5, 7 என்று வகுத்து, வரும் ஈவுகளில் மிகப் பெரிய 120ஐ (நாடாளுமன்றத்தின் மொத்த இடங்கள் அத்தனை) எடுத்தால் ஒவ்வொரு கட்சிக்கும் உரிய இடங்கள் தெரியும். அதில் தொகுதி வெற்றிகளைக் கழித்து, மிச்சத்தைக் கட்சிப் பட்டியலிலிருந்து நிரப்புவார்கள்.

சிக்கல் நுழைவு வரம்பில். இந்தப் பங்கீட்டில் ஒரு கட்சி சேர 5% கட்சி வாக்கு வேண்டும், அல்லது ஒரு தொகுதியையாவது வெல்ல வேண்டும். 2008இல் 4.07% பெற்ற நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சிக்கு ஒன்றுமில்லை, 3.65% பெற்ற ஆக்ட் கட்சிக்கு, எப்சம் தொகுதியை வென்றதால், ஐந்து இடம்! இந்தத் தொகுதி விலக்கை எடுத்துவிட்டு வரம்பை 4% ஆக்கலாம் என்று 2012இல் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது. சரியான யோசனைதான், கட்சிகள் ஒத்துவரவில்லை.

கூட்டணிப் பேரமும் இழுக்கும். 1996இல் ஏறத்தாழ இரண்டு மாதம் ஆனது. ஆனாலும் 2011இல் மறுபடி கேட்டபோது, 57.8% பேர் புதிய முறையே போதும் என்றனர்.