எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினதும் அம்பாசடர் அடிக்குதா? அவசரப்பட்டு ஹெட்டைக் கழற்ற விடாதீங்க

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் பழைய அம்பாசடரோ பியட்டோ வைத்திருப்பவர்கள், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டை எடுத்துவிட்டு, அதன் வேலையைச் சென்சாரால் செய்யும் எலக்ட்ரானிக் கிட் போடும் யோசனையில் இருந்தால் இதைப் படித்துவிட்டு வண்டியை விடுங்கள்.

எங்கள் வண்டி 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், மார்க் 4 அம்பாசடர். கிட் போட்டதும் ஸ்டார்ட்டிங் பிரமாதமாக இருந்தது. ஆனால் டாப் கியரில் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் ஏறி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால், தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குவது போல இன்ஜினுக்குள் சத்தம். நாக்கிங் என்பது இதுதான், ‘அடிக்கிறது’ என்பதும் இதைத்தான். கிட் போடும் முன் இது கிடையாது.

ஒர்க் ஷாப்பில் சொன்ன முதல் பதில்: “புது கிட்டு அண்ணாச்சி, ஓட ஓட செட் ஆயிரும்.” ஆகவில்லை. அடுத்து, “இப்ப வர்ற பெட்ரோல் அப்படி” என்று ஒரு ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலை விற்றார்கள். கடைசியில், “உள்ள கார்பன் கெட்டியிருக்கும், ஹெட்ட எறக்கிருவோம்” என்று இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறக்கப் பெரிய எஸ்டிமேட். இத்தனைக்கும் பில்லில் ‘டியூனிங்’ என்று தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஒர்க் ஷாப்பில், ஸ்பார்க் எந்த நேரத்தில் விழுகிறது என்று காட்டும் டைமிங் லைட்டே கிடையாது. எதையும் அளக்காமல் டியூனிங் என்று காசு வாங்கியதும், அதே கோளாறுக்கு ஹெட்டைத் திறக்கச் சொன்னதும் ஏமாற்று வேலைதான்.

வேறு இடத்தில் லைட் வைத்துப் பார்த்தபோது, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போய் டைமிங்கை முன்தள்ளும் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்த பிறகும் ஐடிலிலேயே டைமிங் 18 டிகிரி அட்வான்ஸ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் 18 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போதே ஸ்பார்க் விழுகிறது. 3,500 ஆர்.பி.எம்மில் 42. இந்த இன்ஜின் அதைத் தாங்காது.

ஏன் இப்படி ஆகிறது? பாயிண்ட் செட்டில் கேமை உரசும் ஃபைபர் துண்டு தேயத் தேய, பாயிண்ட் திறக்கும் இடைவெளியான கேப் குறையும். இருக்க வேண்டியது 0.35 முதல் 0.40 மி.மீ. கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் ரிட்டார்ட் ஆகும், அதாவது ஸ்பார்க் பிந்தும். அதை ஈடுகட்ட மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் பாடியைக் காதால் கேட்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்திருப்பார். எலக்ட்ரானிக் சென்சாருக்குத் தேய்மானம் இல்லை, அது சிக்னல் கொடுக்கும் இடமும் பாயிண்ட் திறக்கும் இடமும் ஒன்றல்ல. பாடியைத் தொடாமல் கிட்டை மட்டும் மாட்டினால் பழைய ஈடுகட்டல் அப்படியே அட்வான்ஸாக மிஞ்சும். டிஸ்ட்ரிபியூட்டரில் 1 டிகிரி என்பது கிராங்கில் 2 டிகிரி என்பதையும் மறக்கக் கூடாது. கையால் லேசாகத் திருப்புவதே பெரிய மாற்றம்.

சரிபார்க்கும் முறை இது. இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். வேக்குவம் ஹோஸைக் கழற்றி வாயை அடையுங்கள். கிராங்க் புல்லியில் ஒரு வெட்டு இருக்கும், டைமிங் கவரில் முள் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டும் நேரானால் முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. அது அடிப்பக்கம் இருந்தால் பிட்டில் விட்டுக் கீழிருந்துதான் பார்க்க வேண்டும். எண்ணெயும் புழுதியும் அப்பியிருப்பதைத் துடைத்து, வெட்டில் வெள்ளை பெயிண்ட் தடவுங்கள். முதல் பிளக் வயரில் லைட்டின் கிளிப்பை மாட்டி, ஐடிலில் 5 டிகிரி அட்வான்ஸில் தொடங்குங்கள். பாடியை ரோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பினால் ரிட்டார்ட், எதிர்த் திசையில் அட்வான்ஸ். ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐடில் அளவோடு நிறுத்தினால் பாதி வேலைதான். புல்லியில் இரண்டாவது அடையாளம் ஒன்று வேண்டும். புல்லி விட்டம் 140 மி.மீ. என்றால் சுற்றளவு 440, ஒரு டிகிரிக்கு 1.22 மி.மீ. 32 டிகிரிக்கு 39 மி.மீ. வெட்டிலிருந்து, புல்லி சுற்றும் திசையில் முன்னால் 39 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். 3,500 ஆர்.பி.எம்மில் இந்தக் கோடு முள்ளுக்கு நேராக நின்றால் மொத்த அட்வான்ஸ் 32. வேக்குவம் இல்லாமல் அதைத் தாண்ட விடாதீர்கள். ஐடிலில் சரியாக இருந்து மேலே மட்டும் எகிறினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகம் ஏற ஏற அட்வான்ஸைக் கூட்டும் வெயிட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது வேறு வண்டி ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். எங்கள் வண்டியில் ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. பாடியைத் திருப்பி, கிராங்க் அளவில் 12 டிகிரி ரிட்டார்ட் பண்ணியதும் ஐடிலில் 6, மேலே 30. அதன்பின் பாபநாசம் மலை ஏற்றத்திலும் சத்தம் இல்லை.

ஃபுல் த்ராட்டிலில் அடிக்காமல், லேசாக மிதித்து ஓட்டும்போது மட்டும் அடித்தால் வேக்குவம் பக்கம் பாருங்கள். ஹோஸை அடைத்துவிட்டு ஓட்டினால் சத்தம் நிற்கிறதா? அப்படியானால் வேக்குவம் அளவுக்கு மீறி அட்வான்ஸ் கொடுக்கிறது.

பெட்ரோல் மேல் பழி போடுவதைப் பற்றி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் 95. அந்தக் காலத்துக் குறைந்த கம்ப்ரஷன் இன்ஜினுக்கு அது தாராளம், பூஸ்டர் வீண் செலவு. எத்தனாலால் வரும் சிக்கல் வேறு: மிக்சர் லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் குறையும், அதுவும் நாக்கிங்கைத் தூண்டும். எஸ்.யு. கார்பரேட்டரில் பிஸ்டனை ஒரு மி.மீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். ஆர்.பி.எம். சற்று ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. இன்ஜின் தடுமாறி நின்றால் லீன், ஜெட் நட்டை ஒவ்வொரு முகமாகக் கீழே இறக்குங்கள்.

பிளக் வயர்களையும் பாருங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. மூன்றாவது, நான்காவது வயர்கள் ஒட்டிக்கொண்டு போனால் ஒன்றின் ஸ்பார்க் அடுத்ததில் தாவி, நேரம் கெட்டு அடிக்கும். பிரித்துக் கட்டுங்கள். சாதாரண செம்பு வயரும் ஆகாது, சென்சாரைக் குழப்பும், சப்ரஷன் வயர் போடுங்கள். காயிலின் பிரைமரியை மல்ட்டிமீட்டரில் அளந்து, கிட் தாளில் சொன்ன ஓம் அளவோடு ஒத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அடிக்கிறது, சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் துள்ளி ஓடுகிறது என்றால் மட்டும் கார்பன், கம்ப்ரஷன் பற்றி யோசிக்கலாம். அதுவரை சத்தத்தோடு ஓட்டவும் வேண்டாம். தொடர்ந்து அடித்தால் பிஸ்டன் ரிங் பள்ளம் உடையும், ஹெட் கேஸ்கட் போகும், பிஸ்டன் தலையே உருகும்.

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் ஐடில் டைமிங் எத்தனை டிகிரி, 3,500 ஆர்.பி.எம்மில் எத்தனை டிகிரி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள். பழைய பாயிண்ட், கண்டென்சரைக் கேட்டு வாங்கி டிக்கியில் வையுங்கள், கிட்டின் மாட்யூல் வழியில் பழுதானால் அதுதான் வீடு சேர்க்கும். எங்களுக்கு டியூனிங் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பில்லும் ஜாப் கார்டும் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.