வளவுக்கும் தோட்டத்துக்கும் ஒரே ஆம்ப்: யமஹா ஏ-எஸ்301 கூட போல்க் ஏட்ரியம் 5

நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளுக்கு அவுட்டோர் ஸ்பீக்கர் தோட்டத்துக்கு மட்டும் இல்லங்க, வீட்டு நடுவுல முற்றத்தோட இருக்கிற வளவுக்கும் அதுதான் வேணும். வாசல் வானத்தைப் பாத்து திறந்து கிடக்கு, ஐப்பசி மழைக்கு சாரல் சுத்தி இருக்கிற தாழ்வாரம் வரைக்கும் அடிக்கும், அங்க போயி மரப்பெட்டி ஸ்பீக்கரை வச்சா எத்தனை நாளைக்குத் தாங்கும். அதனால கோட்டையூர்ல அப்பத்தா வீட்டுக்கு வளவுல ஒரு ஜோடி, அடுப்படி தாண்டி பின்னால தோட்டத்துல ஒரு ஜோடி, நாலுமே போல்க் ஏட்ரியம் 5, எல்லாத்தையும் முகப்புல இருக்கிற ஒரே யமஹா ஏ-எஸ்301 ஆம்ப்ளிஃபையர்ல (ஆம்ப்) கொடுத்திருக்கோம். ரொம்ப நல்லா பாடுது, ஏன் நல்லா பாடுதுன்னுதான் இந்த ரிவ்யூவே.

கடைல போனா எல்லாரும் வாட்ஸ் எவ்ளோன்னுதான் கேக்குறாங்க, முதல்ல கேக்க வேண்டியது ஓம், அதாவது கரன்ட்டுக்கு ஸ்பீக்கர் காட்டுற தடை. 8 ஓம் ஸ்பீக்கர் ரெண்டு ஜோடிய ஆம்ப்ல இருக்கிற ஏ, பிங்கிற ரெண்டு ஸ்பீக்கர் இணைப்புலயும் மாட்டி சேத்து ஓட்டுனா ஆம்புக்கு அது 4 ஓமாத்தான் தெரியும். ஏ-எஸ்301 பின்பக்கம் தெளிவா போட்டிருக்கு, ஒரு ஜோடி மட்டும்னா 4 ஓம் வரைக்கும் இறங்கலாம், ரெண்டு ஜோடியும் சேந்து ஓடுனா ஒவ்வொண்ணும் குறைஞ்சது 8 ஓம் இருக்கணும். ஏட்ரியம் 8 ஓம், அதான் ஜோடி பொருந்துச்சு. வெளில மாட்டுற ஸ்பீக்கர்ல 6 ஓம், 4 ஓமும் விக்கிறாங்க, ரெண்டு ஜோடி அப்படி வாங்கி மாட்டுனா ஆம்ப் சூடாகி தன்னைக் காப்பாத்திக்க ப்ரொடெக்‌ஷனுக்குப் போயி நின்னுரும்.

வாட்ஸுக்கு வருவோம். இது 8 ஓமுக்கு சேனலுக்கு 60 வாட்ஸ், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் சுத்தமா. பெட்டி மேல ஆயிரக்கணக்குல பிஎம்பிஓன்னு ஊதிப் பெருக்கின வாட்ஸ் கணக்கை அடிச்சு விக்கிறதை விட இந்த 60 எவ்ளவோ மேல், ஏன்னா சின்ன ஆம்பை முழுசா திருகி சத்தம் உடைய உடைய ஓட்டும்போதுதான் ட்வீட்டர் (கீச்சு சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர்) கருகுது. திறந்த வெளில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் போயிரும், சுவர் இல்ல திருப்பிக் கொடுக்க, ஆனா வாட்ஸை ரெண்டு மடங்காக்குனாலும் 3 டெசிபல்தான் கூடும். அதனால ரெண்டு ஸ்பீக்கரை அலற விடுறதை விட நாலை ஆள் உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல வச்சு மெதுவா விடுங்க, எதிர் வீட்டு ஆச்சிக்கும் தூக்கம் கெடாது.

நம்ம வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும், அதனால ஒயர் விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. தோட்டத்துக்கு 30 மீட்டர்னா போக வர 60 மீட்டர் செம்பு, 1.5 ஸ்கொயர் எம்எம் போட்டா முக்கா ஓம் கிட்ட ஒயர்லயே நிக்கும், 2.5 போட்டா அரை ஓமுக்கும் கீழ. 2.5 தான் இழுத்தோம். பழைய சுண்ணாம்புப் பூச்சுல ட்ரில் போட எனக்கு மனசே வரல, அந்த வழவழப்பை இன்னைக்கு யாரு திருப்பி பூசித் தருவா, தாழ்வாரத்து மரச் சட்டத்துலயே பிராக்கெட்டை முடுக்கியாச்சு. ஏணில நின்னுக்கிட்டு ஒரு கையாலயே ஸ்பீக்கரை க்ளிக்னு மாட்டிறலாம், அந்த டிசைன் அருமை.

வளவுல ஆத்தங்குடி கல்லும் வழவழ சுவரும் சத்தத்தை எதிரொலிச்சுக்கிட்டே இருக்கும், நாதஸ்வரம் கொஞ்சம் கூர்மையா கேக்கும், ட்ரெபிளை ஒரு சுத்து குறைச்சு ஸ்பீக்கரை கீழ பாக்க சாய்ச்சதும் கேக்க சொகமா ஆயிருச்சு. தோட்டத்துல பேஸ் மெலிசாத்தான் இருக்கும், சுவர் மூலைல ஒட்டி வச்சா கொஞ்சம் ஏறும். காலைல கம்மி வால்யூம்ல பாட்டு கேக்க மெதுவா வச்சாலும் பேஸ் மங்காம காட்டுற லவுட்னெஸ் திருகு ரொம்ப உதவுது. ப்ளூடூத் இதுல கிடையாது, போன்ல இருந்து பாடணும்னா தனியா ஒரு சின்ன ரிசீவர் வாங்கிக்கங்க. ஏ, பி ரெண்டுக்கும் வால்யூம் ஒண்ணுதான், தோட்டத்துக்கு மட்டும் குறைக்கணும்னா அந்த லைன்ல ஸ்பீக்கர் வால்யூம் கன்ட்ரோல் ஒண்ணு போடணும்.

இன்னொண்ணு, விசேஷத்துக்கு வாங்குன, நீள ஒயருக்குன்னு செஞ்ச 100 வோல்ட் லைன் வகை காலம் ஸ்பீக்கர் (உசரமான நீளப் பெட்டி) வீட்ல சும்மா கிடக்குன்னு இந்த ஆம்ப்ல மாட்டாதீங்க, உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும், சத்தம் முனகலாத்தான் வரும். அதைவிட மோசம், ஏட்ரியத்தைக் கொண்டு போயி அந்த 100 வோல்ட் ஆம்ப்ல கொடுக்கிறது, ஸ்பீக்கர் எரிஞ்சே போயிரும். வளவு மட்டும் போதும்னா ஒரு ஜோடியே தாராளம், பின்னால தோட்டத்துக்கு வேணும்னா பி-ல மாட்டிக்கலாம், இப்பவே ஒயரை மட்டும் இழுத்து வச்சிருங்க.