நைசினும் டாப்டோமைசினும்: பாக்டீரியா பெப்டைடு கட்டும் இரு வழிகள்

அமினோ அமிலங்களைச் சிறு சங்கிலியாக, அதாவது பெப்டைடாக, கோத்து எதிருயிரி செய்ய பாக்டீரியாக்களிடம் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எல்லாப் புரதங்களையும் போல, செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் சங்கிலியை உருவாக்கிவிட்டுப் பிறகு நொதிகளால் திருத்துவது. மற்றது, ரைபோசோமையே ஒதுக்கிவிட்டு, ராட்சத நொதி ஒன்றை வைத்துத் துண்டு துண்டாகக் கோப்பது. முதலாவதற்கு லாக்டோகாக்கஸ் லாக்டிஸின் நைசினையும், இரண்டாவதற்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் ரோசியோஸ்போரஸின் டாப்டோமைசினையும் எடுத்துக்கொள்ளலாம்.

செலவுக் கணக்கில் போட்டியே இல்லை. ரைபோசோம் வழியில் ஓர் அமினோ அமிலத்துக்கு மரபணுவில் மூன்று காரங்கள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) போதும். 34 அமினோ அமிலங்கள் கொண்ட நைசினுக்கு முன்னால் வெட்டி எறியப்படும் 23 அமினோ அமிலத் தலைப்பகுதியைச் சேர்த்தாலும் மரபணு இருநூறு காரங்களைத் தொடுவதில்லை. டாப்டோமைசினிலோ, சங்கிலியில் சேரும் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் நொதியில் தனி அலகு ஒன்று வேண்டும். ஓர் அலகே சுமார் 1,000 அமினோ அமிலங்கள் நீளமுள்ளது என்பதால், 13 அலகுகளுக்கான மரபணுக்கள் சேர்ந்து 40,000 காரங்களையும் தாண்டிவிடுகின்றன. நைசினுக்கும் திருத்தும் நொதிகள், வெளியேற்றும் புரதம், தற்காப்புப் புரதங்கள் என்று கூடுதல் மரபணுக்கள் தேவைப்படுவது உண்மைதான்; ஆனால் அவற்றின் எண்ணிக்கை சங்கிலியின் நீளத்தோடு சேர்ந்து வளர்வதில்லை.

இவ்வளவு செலவு எதற்காக என்பது ஓர் அலகின் உள்ளே பார்த்தால் விளங்கும். அடினைலேற்றப் பகுதி தனக்குரிய அமினோ அமிலத்தைத் தேர்ந்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் செலவில் கிளர்த்துகிறது. பக்கத்தில் நீண்டு தொங்கும் ஃபாஸ்ஃபோபான்டிதீன் கரம் அதைக் கந்தகப் பிணைப்பில் பற்றிக்கொள்கிறது. ஒடுக்கப் பகுதி முந்தைய அலகில் வளர்ந்து நிற்கும் சங்கிலியை அதனோடு இணைக்கிறது. இங்கே கோடான் என்ற மூன்றெழுத்துக் குறியீடு கிடையாது, இருபது அமினோ அமிலங்கள் என்ற வரம்பும் கிடையாது. அதனால்தான் டாப்டோமைசினில் கைனுரெனின், ஆர்னிதின், மெத்தில் குளூட்டமேட் ஆகியவையும், வழக்கமான வடிவத்தின் கண்ணாடிப் பிம்பமான டி-வடிவ அமினோ அமிலங்களும் கோக்கும்போதே இடம்பெறுகின்றன.

ரைபோசோம் வழி புதுமையைப் பின்னாலிருந்து கொண்டுவருகிறது. நிஸ்-பி என்ற நொதி செரின், திரியோனின் ஆகியவற்றிலிருந்து நீரை நீக்க, நிஸ்-சி அந்த இடங்களைச் சிஸ்டீனோடு பிணைத்து ஐந்து வளையங்களை மூட்டுகிறது. செரினும் திரியோனினும் உள்ள ஒன்பது இடங்களில் எட்டில் நீர் நீக்கப்படுகிறது. 29-ஆம் இடத்துச் செரின் மட்டும் தப்பிவிடுகிறது (நொதிகளும் சில நேரம் ஒன்றை விட்டுவிடும் போலும்).

மாற்றியமைப்பது என்று வரும்போது என் வாக்கு நைசினின் பக்கம்தான். திருத்தும் நொதிகள் முதன்மையாகத் தலைப்பகுதியைக் கொண்டே தமக்குரிய பெப்டைடை அடையாளம் காண்பதால், பின்னால் வரும் வரிசையில் பல மாற்றங்களை அவை பொறுத்துக்கொள்கின்றன. நைசின் இசட் என்ற இயற்கை வடிவம் 27-ஆம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் அஸ்பரஜினைக் கொண்டது. மரபணுவில் ஒற்றைக் கார மாற்றமே அதற்குப் போதுமானதாக இருந்தது. டாப்டோமைசின் வழியில் அதே அளவு மாற்றத்துக்கு அடினைலேற்றப் பகுதியின் தேர்வுப் பையையே திருத்தியாக வேண்டும். அப்படித் திருத்தினாலும் புதிய அமினோ அமிலத்தை ஒடுக்கப் பகுதி ஏற்காமல் போகலாம். விளைச்சல் சரிய அதுவும் ஒரு காரணமாகலாம்.