கையில் பிடிக்காத திரை: சுங்கை சிப்புட் பயண அனுபவம்

மெல்பர்னில் குடியேறி நெடுங்காலம் கழித்து இம்முறை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள என் ஊரான சுங்கை சிப்புட்டுக்குப் போனபோது, ஊரில் போக்குவரத்துச் சேவைகள் முன்னைவிட எவ்வளவோ எளிதாகிவிட்டதைக் கண்டேன். அந்த எளிமைக்கான வேலை முழுவதும் வண்டி ஓட்டுபவரின் கைத்தொலைபேசித் திரையில் போய்ச் சேர்ந்திருப்பதையும் கண்டேன். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வரப் பேருந்து எப்போது வரும் என்று தெரியாமல் நிழற்குடையில் உட்கார்ந்திருந்த தலைமுறை எங்களுடையது. இப்போது கோலாலம்பூரில் இடிஎஸ் மின்ரயிலில் ஏறினால் சுங்கை சிப்புட் நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். செயலியில் அழைத்தால் நிலையத்து வாசலுக்கே கார் வந்து நிற்கிறது. இறக்கிவிட்டதும் கட்டணம் தானாகக் கழிகிறது, பேரம் இல்லை. இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் சொல்ல வருவது ஸ்டீயரிங்கின் பக்கத்தில் நடப்பதைப் பற்றி.

லிந்தாங் பக்கம் உள்ள உறவினர் வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்ற தம்பி ஏர்கோண்ட் (குளிர்சாதன) துவாரத்தின் மேல் ஒரு தொலைபேசியையும் அதற்குக் கீழே இன்னொன்றையும் பொருத்தியிருந்தார். மேலே உள்ளதில் வேஸ் வழிகாட்டி ஓடியது. கீழே உள்ளதில் வாடகைச் செயலி. என்னை இறக்கிவிடுவதற்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கான அழைப்பு கணகணவென்று ஒலித்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுருங்கிக்கொண்டே வர, அது மறைவதற்குள் பயணி எங்கே நிற்கிறார், எங்கே போகிறார், எத்தனை ரிங்கிட் என்று படித்துப் பார்த்து விரலால் தட்ட வேண்டும். எங்களுக்கு முன்னால் செம்பனைப் பழக்குலைகளை ஏற்றிய லோரி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தம்பி படித்தார், தட்டினார், பிறகு நிமிர்ந்து பிரேக்கை மிதித்தார். தொலைபேசியை அவர் கையில் எடுக்கவே இல்லை. நான் கேட்டதற்குப் பணிவாகத்தான் பதில் சொன்னார்: “யோசிச்சிக்கிட்டு இருந்தா ஓடர் அடுத்த ஆளுக்குப் போயிடும் அக்கா. நெறைய விட்டா நமக்கு வர்றதே கொறைஞ்சிடும்லா.” ஊருக்கு வெளியே கூட்டரசுச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. மூன்று வரிகளைப் படித்து முடிப்பதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுவரும் பையன்களின் நிலைமை இன்னும் மோசம். ஹேண்டலில் பொருத்திய தொலைபேசியை மழைக்குப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருப்பதால் ஒரு முறை தட்டினால் திரை ஏற்பதில்லை. மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் என்பதை வைத்துப் பார்த்தால், எந்தத் திரையை முதலில் திருத்த வேண்டும் என்பது விளங்கும்.

மலேசியாவில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1959ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளில் 17ஏ என்னும் விதி, வண்டி ஓட்டும்போது கைத்தொலைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. பிடிபட்டால் 300 ரிங்கிட் வரை அபராதம், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. பெருநாள் காலச் சோதனைகளில் போலீசார் குறிவைக்கும் குற்றங்களில் இதுவும் ஒன்று என்பதால், ஊரில் பெரும்பாலோருக்குச் சட்டம் தெரிந்தே இருக்கிறது. ஆனால், தெரிந்திருப்பது ‘கையில் பிடிக்காதே’ என்ற அளவில்தான். ஹோல்டரில் மாட்டிவிட்டால் சம்மன் வராது என்ற நிம்மதியில், மாட்டிய திரையில் எதையும் செய்யலாம் என்ற பழக்கம் வளர்ந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: 2023 பிப்ரவரியிலிருந்து மலேசியர்களின் சொந்த வாகனங்களுக்குச் சாலை வரி வில்லையைக் கண்ணாடியில் ஒட்டியாக வேண்டிய கட்டாயம் இல்லை, ஓட்டுநர் உரிமத்தையும் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியிலேயே காட்டலாம் என்று ஆகிவிட்டது. ஆகவே, சாலைத் தடுப்பில் போலீஸ்காரரைக் கண்டதும் ஓட்டுநரின் கை முதலில் போவது தொலைபேசிக்குத்தான்.

மெல்பர்ன் இருக்கும், நான் வசிக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2023 மார்ச் மாத இறுதியில் இந்த விதிகளை மாற்றி எழுதினார்கள். அங்கே கையில் இருக்கிறதா, ஹோல்டரில் இருக்கிறதா என்பதோடு விசாரணை முடிவதில்லை. திரையில் என்ன செய்தீர்கள் என்றும் கேட்கிறார்கள். முழு உரிமம் பெற்றவர் பொருத்திய தொலைபேசியையோ காரோடு வந்த தொடுதிரையையோ வழிகாட்டிக்கும் பாட்டுக்கும் சற்றே தொடலாம், ஆனால் எழுத்துகளைத் தட்டச்சு செய்யவோ பட்டியலை உருட்டிக்கொண்டே போகவோ கூடாது. கைக்கடிகாரத் திரைக்கும் விதி உண்டு. பழகுநர்களும் புதிதாக உரிமம் பெற்றவர்களும் பொருத்திய தொலைபேசியைத் தொடவே கூடாது. வழியைப் புறப்படும் முன்பே அமைத்துவிட வேண்டும். சிவப்பு விளக்கில் நிற்பதும் ஓட்டுவதாகவே கருதப்படும். மீறினால் 500 டாலருக்கு மேல் அபராதமும் உரிமத்தில் 4 தண்டப் புள்ளிகளும் விழும், இதைப் பிடிக்கச் சாலைக்கு மேலே கேமராக்கள் இருக்கின்றன. அந்தத் தம்பி செய்ததை மெல்பர்னில் செய்திருந்தால், விரலை வைத்த நேரத்தைவிட அவர் படித்த நேரத்தைப் பற்றித்தான் பேச்சு வந்திருக்கும். அதற்காக மெல்பர்ன் ஓட்டுநர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல மாட்டேன்; சிவப்பு விளக்கில் மடியைக் குனிந்து பார்ப்பவர்களை அங்கேயும் தினமும் பார்க்கிறேன்.

ஊரில் நான் மிகவும் மதித்த சேவை பள்ளி வேன். எங்கள் உறவுப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன் அக்காவுக்கு ஒரு காலத்தில் ஓடும்போதே பெற்றோரின் குரல் பதிவுகள் வந்து குவியுமாம்: பிள்ளைக்குக் காய்ச்சல், இன்றைக்கு வேண்டாம், இன்றைக்குப் பாட்டி வீட்டில் இறக்கிவிடுங்கள். இப்போது அவர் தொலைபேசியைக் கைப்பையில் போட்டுக் கைப்பையைப் பின்னிருக்கைக்குக் கீழே தள்ளிவிடுகிறார். “வேன் கெளம்பறதுக்கு முன்னாடி சொல்லுங்க, அதுக்கப்புறம் நான் எடுக்க மாட்டேன், வாசல்ல வந்து ஹோர்ன் அடிக்கிறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்” என்றார். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வேறு வேனுக்குப் போய்விட்டன.

அவருடைய கட்டுப்பாட்டின் அருமை தோட்டத்துக்குள் போகும்போதுதான் புரிகிறது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் சாலை என்பதற்குத் தரப்பட்டுள்ள வரையறை, தனியார் தாமே பராமரிக்கும் பாதைகளை விலக்கிவைக்கிறது. தோட்ட நிறுவனம் போட்டுப் பராமரிக்கும் செம்மண் பாதையில், இருபுறமும் செம்பனை மட்டைகள் மறைக்கும் வளைவில், டிராக்டர் எதிரே வந்தாலும் ஆடு குறுக்கே ஓடினாலும், அங்கே 17ஏ விதியைக் காட்டி நிறுத்த எந்தப் போலீஸ்காரரும் நிற்கப்போவதில்லை. நிறுவனம் நினைத்தால் தன் நுழைவாயிலில் ஒரு பலகை வைக்கலாம். பூச்சிமருந்துக்கும் கனரக வாகனத்துக்கும் பலகை வைப்பவர்களுக்கு இது பெரிய காரியமன்று.

கார் வாடகைக்கு எடுத்த அனுபவத்தில்தான் திரையின் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். ஈப்போவில் ஒரு கடையில் எனக்குத் தரப்பட்ட புத்தம்புதிய காரில் ஏர்கோண்டுக்குத் திருகோ பொத்தானோ கிடையாது. எல்லாம் நடுவில் உள்ள பெரிய தொடுதிரைக்குள். சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பும் வழியில் மாலை மழை பிடித்துக்கொண்டது. முன்கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தது. பக்கத்தில் இருந்த அண்ணன் மகள் பாட்டுப் பக்கத்திலிருந்து வெளியேறி, கார் படத்தைத் தட்டி, அதற்குள் காற்று என்ற பக்கத்தைத் திறந்து, கண்ணாடிச் சின்னத்தைத் தேடிப்பிடித்து அழுத்துவதற்குள் குழி விழுந்த இடம் ஒன்றைக் கடந்துவிட்டோம். பெரியப்பாவின் பழைய காரில் இது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு திருகை வலப்பக்கமாகத் திருப்புவதோடு முடிந்துவிடும். தனியாக ஓட்டியிருந்தால் ஓரங்கட்டி நிறுத்துவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

கையில் பிடிக்கும் தொலைபேசிக்காக எழுதப்பட்ட விதி இந்தத் திரையைத் தீண்டாது; விபத்து நேர்ந்தால் அதே சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்கு வரலாம், அவ்வளவுதான். ஜெர்மனியில் ஓர் ஓட்டுநர் மழையில் கண்ணாடித் துடைப்பானின் வேகத்தைத் தொடுதிரையில் மாற்றப்போய்ச் சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். 2020 மார்ச்சில் கார்ல்ஸ்ரூ உயர்நிலை மண்டல நீதிமன்றம், காரோடு வந்த திரையும் மின்னணுக் கருவியே, தொலைபேசிக்கு உள்ள விதி இதற்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்து, 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டும் தடையையும் உறுதி செய்தது. துடைப்பானைத் திரைக்குள் வைத்தவர் கார் செய்தவர், தண்டனை ஓட்டியவருக்கு. எனக்கு இது முழு நியாயமாகப் படவில்லை. அந்த வகையில், 2026 முதல் முழு நட்சத்திர மதிப்பு வேண்டுமானால் திரும்பும் விளக்கு, அபாய விளக்கு, ஹோர்ன், துடைப்பான், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனியாகக் கையால் உணரக்கூடிய பொத்தானோ நெம்புகோலோ இருக்க வேண்டும் என்று, கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திர மதிப்புத் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் கொண்டுவந்த அளவுகோல் சரியான இடத்தில் கைவைக்கிறது. அதில் கண்ணாடிப் பனி நீக்கியையும் சேர்த்திருக்கலாம். வாடகைச் செயலிகளிடமும் இப்படிக் கேட்கத் தோன்றுகிறது: வண்டி ஓடும்போது அடுத்த அழைப்பை நிறுத்திவையுங்கள், அல்லது குரலால் சொல்லி வாய்மொழியாக ஏற்க விடுங்கள். வண்டி எந்த வேகத்தில் போகிறது என்பது அந்தச் செயலிக்குத் தெரியாததன்று.

ஊருக்குக் கார் எடுத்துப் போகிறவர்கள் முன்பதிவு செய்யும்போதே ஏர்கோண்டுக்கும் துடைப்பானுக்கும் பொத்தான் உள்ள மாடலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் நான் கடைக்குப் போய் மாற்றித் தரச் சொன்னபோது, முகப்பில் இருந்த பெண் ஆச்சரியப்பட்டாலும் மறுக்காமல், சில வருடம் ஓடிய, எல்லாவற்றுக்கும் திருகு உள்ள கார் ஒன்றின் சாவியை எடுத்துத் தந்தார். அதற்கு நாள் வாடகையும் குறைவு.