மூல அச்சா, நகல் அச்சா?

பென்சிலால் 12/50 என்று எழுதி, பக்கத்தில் ஓவியரின் கையொப்பமும் இருந்துவிட்டால் அது மூல அச்சு என்று பலர் நம்பிவிடுகிறார்கள். மொத்தம் 50 பிரதிகள் என்பதற்குத்தான் அந்த எண் சாட்சி. படம் எங்கே பிறந்தது என்பதற்கு அல்ல. அச்சுக்காகவே உருவான படம்தான் மூல அச்சு; ஏற்கெனவே இருக்கும் ஓவியத்தைப் படியெடுத்தது நகல்.

எட்சிங் முறையில் படம் தகட்டிலேயே பிறக்கிறது. மெழுகுக் கலவை பூசிய செம்புத் தகட்டில் கலைஞர் ஊசியால் வரைகிறார். வரைந்த இடத்தை மட்டும் அமிலம் அரிக்கிறது. பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால், தாளே பள்ளத்துக்குள் இறங்கி மையை வாங்கிக்கொள்கிறது. சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள்: கோடுகள் சற்றே எழும்பி நிற்கும், தகட்டின் விளிம்பும் தாளில் பதிந்திருக்கும். விளிம்புத் தடத்தை மட்டும் போலியாக அழுத்திவிடுபவர்கள் உண்டு என்பதால், நான் முதலில் கோடுகளைத்தான் பார்ப்பேன்.

அமிலமே இல்லாமல் நேரடியாகக் கீறும் டிரைபாயின்ட் எனக்கு இன்னும் பிரியமானது. கீறலோரத்தில் எழும்பும் உலோகப் பிசிறு மையைப் பிடித்துவைத்து, கோட்டுக்கு வெல்வெட் போன்ற கருமையைத் தருகிறது. ஆனால் அழுத்த அழுத்தப் பிசிறு மழுங்கிவிடும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் தகடுகளிலிருந்து தொடக்கத்தில் எடுத்த பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது இதனால்தான். இங்கே பிரதிகள் குறைவாக இருப்பது தகட்டின் இயல்பு. இங்க்ஜெட் நகலில் 50 என்பது விற்பவர் தரும் வாக்குறுதி மட்டுமே.

கல்லில் வரைந்து எடுக்கும் கல்லச்சிலும், திரைத்துணி வழியே மை இறக்கும் திரை அச்சிலும் தகட்டுத் தடம் இருக்காது. அதை வைத்து அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். ஓவியரே அச்சிட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் புகழ்பெற்ற 'பேரலை' படத்தை மரத்தில் செதுக்கியவர்களும் அச்சிட்டவர்களும் வேறு கைவினைஞர்கள். ஆனாலும் அது மூல அச்சுதான், ஏனென்றால் அந்தப் படம் மரக்கட்டைக்காகவே வரையப்பட்டது.

நகல்களிலும் தரம் வேறுபடுகிறது. புத்தகங்களும் சுவரொட்டிகளும் அச்சாகும் ஆஃப்செட் முறை அச்சை 10 மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால், நான்கு நிறப் புள்ளிகள் சிறு பூக்களைப் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். 1991இல் அமெரிக்க அச்சுக் கலைஞர் ஜாக் டுகான் 'ஜிக்லே' என்று பெயரிட்ட இங்க்ஜெட் அச்சில் புள்ளிகள் தூவியது போலச் சிதறியிருக்கும். நிறமி மையும் பருத்தித் தாளும் கொண்ட நல்ல ஜிக்லே, ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்தின் நிறங்களை ஆஃப்செட்டை விட நெருக்கமாகப் பிடிக்கும். பிடித்த ஓவியத்தின் சாயல் வீட்டில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன்.

விலை பேசுமுன் விற்பவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இதே படம் வண்ண ஓவியமாக வேறெங்காவது இருக்கிறதா? ஆம் என்றால், எத்தனையாவது பிரதி என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்.